விறாந்தையில் ஒரு மண் குந்து

மண்ணால் கட்டிப் பழக ஆசைப்படுகிறவர் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு குந்து போதும்: 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பிழைத்தாலும் நட்டம் சிறிது.

1. இடம்

கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. சாரல் எட்டாத சுவரோரமாகப் பாருங்கள். பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காகக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1960களில் கொழும்பில் கட்டிய வீட்டின் அகன்ற ஓட்டுக் கூரை வெறும் அழகுக்காக இறங்கி வரவில்லை. வெயிலையும் மழையையும் சுவரிலிருந்து தள்ளி வைத்தது. நமக்கு விறாந்தைக் கூரையே அந்த வேலையைச் செய்யும்.

வெள்ளவத்தை அடுக்குமாடிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குந்தின் எடை 700 கிலோ அளவில் வரும். பல்கனியில் கட்டவே கூடாது.

2. மண்

முக்கால்வாசி வேலை இதுதான். கடலோர மணல் ஒட்டாது. சதுப்பு நிலத்துக் கறுப்பு மண்ணில் உக்கிய இலைதழை கலந்திருக்கும், அதுவும் ஆகாது. நகருக்கு உட்புறமாகக் கிடைக்கும் செம்மண்ணே நமக்கு ஏற்றது. மேல் இரண்டடியை ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே எடுத்ததாக இருக்கட்டும். லொறிக்காரர் ஒரு கியூப் என்றுதான் பேச்சைத் தொடங்குவார். ஒரு கியூப் 100 கன அடி. உங்களுக்கு 15 கன அடி போதும்.

வாங்குமுன் ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்குப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் படியும், களி மேலே படிய ஒரு நாளாகும். படிந்ததில் பாதிக்கு மேல் மணலும் ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் நல்ல மண். களி கூடினால், இந்த மண்ணில் அறுக்கும் கல் காயும்போது வெடிக்கும். மணல் சேர்த்துச் சரிசெய்யலாம்.

3. மண்கல் அறுத்தல்

12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல உயரத்தில் பலகை அச்சு ஒன்று செய்துகொள்ளுங்கள். சலித்த மண் 18 பங்குக்கு சீமெந்து 1 பங்கு. முதலில் உலர்வாகவே கலந்து, பிறகு தண்ணீரைத் தெளியுங்கள். உருண்டை பிடித்து நெஞ்சுயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடியானால் ஈரம் போதாது, சப்பையாக ஒட்டினால் கூடிவிட்டது. அச்சில் இட்டு நன்றாக இடித்து இறுக்குங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் தீர்க்கக்கூடிய அளவே ஒரு தடவைக்குக் குழையுங்கள்.

60 கல் வேண்டும், உடைவதற்கும் சேர்த்துத்தான். ஒரு வாரம் சாக்குப் போட்டு ஈரமாக வைத்து, பிறகு மூன்று வாரம் நிழலில் உலர்த்துங்கள். தை, மாசி மாதங்கள் இதற்கு வசதியானவை. வைகாசியில் தொடங்கிய என் முதல் அடுக்கு தென்மேல் பருவமழையில் கரைந்து வாசலெங்கும் ஓடியது.

4. அடுக்குதல்

அடி வரிசை மட்டும் சுட்ட செங்கல்லாகவோ கபுக் கல்லாகவோ (செம்புரைக் கல்) இருக்கட்டும். விறாந்தை கழுவும் தண்ணீர் மண்ணில் ஏறாது. அதன்மேல் மண்கல் மூன்று வரிசை. கற்களை நனைத்து, அதே மண்ணைச் சீமெந்து சற்றுக் கூட்டிக் குழைத்த சாந்தில், மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் வையுங்கள்.

5. பூச்சு

மேசன் பாஸ் சீமெந்துப் பூச்சைத்தான் சொல்வார். இணங்காதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொருக்காக உரியும். சலித்த மண், மணல், நீற்றிய சுண்ணாம்பு கலந்த சாந்தை மெல்லியதாக இரண்டு தடவை பூசி, சாந்தகப்பையால் அழுத்தித் தேயுங்கள். பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையே போதும். இருக்கைக்குப் பலாப் பலகை ஒன்று.

பூச்சு காய இரண்டு வாரமாகும். அதுவரை யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பூனை கேட்கவில்லை. குந்தின் இடது மூலையில் அதன் நான்கு காலடிகளும் இன்னும் இருக்கின்றன.