ஏஜென்டுக்கு டூல் டிஸ்கிரிப்ஷன் எழுதுறது எப்படி: தி.நகருக்கு ரயில் கேட்டா மாம்பலம்னு புரியணும்

ஏஜென்ட் (கேட்டதுக்கு ஏத்த டூலை தானே கூப்பிட்டு பதில் சொல்ற ஏஐ) தப்பான டூலை, அதாவது நாம அதுக்கு எழுதி குடுத்த ஃபங்ஷனை, கூப்பிடுதுன்னா உடனே மாடலை மாத்தலாமான்னு யோசிக்கிறாங்க, இல்லன்னா சிஸ்டம் ப்ராம்ப்ட்ல (மாடலுக்கு முன்கூட்டியே குடுக்கற கட்டளை) நாலு வரி கத்தற மாதிரி எழுதி வைக்கிறாங்க, டூலோட டிஸ்கிரிப்ஷனை மட்டும் யாரும் தொறந்து பாக்கறதில்ல. தொறந்தா "ரயில் தகவல் தரும்"னு ஒத்தை வரி இருக்கும்.

மாடலுக்கு உங்க ப்ரோக்ராம் கோடு தெரியாது. 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ ஃபங்ஷன் காலிங் (மாடலே எந்த டூல் வேணும்னு சொல்ற வசதி) கொண்டு வந்தப்பவும் சரி, 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் எம்சிபி (டூலை ஏஐயோட இணைக்கற பொது முறை) விட்டப்பவும் சரி, மாடல் கைக்கு போறது முக்கியமா மூணுதான்: டூல் பேர், டிஸ்கிரிப்ஷன், இன்புட் ஸ்கீமா (என்னென்ன மதிப்பு குடுக்கணும்ங்கற பட்டியல்). ஃபங்ஷனுக்குள்ள எவ்ளோ கமென்ட் போட்டாலும் அது அங்க போகாது. (பைத்தான்ல சில ஃப்ரேம்வொர்க், ஃபங்ஷன் தொடக்கத்துல எழுதற விளக்கமான டாக்ஸ்ட்ரிங்கை அப்படியே டிஸ்கிரிப்ஷனா எடுத்துக்கும், அப்ப நீங்க "இதை அப்புறம் சரி பண்ணணும்"னு எழுதி வச்சதும் சேர்ந்து போயிடும், பாத்துக்கோங்க.)

சென்னைக்குள்ள எப்படி போறதுன்னு சொல்ற ஒரு ஏஜென்டை எடுத்துக்குவோம். மின்சார ரயிலுக்கு ஒரு டூல், மெட்ரோவுக்கு ஒண்ணு, பஸ்சுக்கு ஒண்ணு. ஒருத்தர் "தி.நகர்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு எலக்ட்ரிக் ட்ரெயின் இருக்கா"ன்னு கேக்கறார். ஏஜென்ட் தி.நகர், ஏர்போர்ட்னே அனுப்புது, அந்த பேர்ல மின்சார ரயில் ஸ்டேஷன் கிடையாது, காலி ரிசல்ட் வருது, "ரயில் இல்லை"ன்னு கூசாம சொல்லிடுது. இங்க மாடல் மேல தப்பு சொல்ல முடியாது. பேர் தப்புன்னா எரர் தர்ற மாதிரி டூலை மாத்திட்டு, அந்த டிஸ்கிரிப்ஷனை இப்படி எழுதலாம்:

"சென்னை பீச் – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில்ல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல அடுத்து வர்ற வண்டிகளோட நேரத்தை தரும். மெட்ரோவுக்கும் பறக்கும் ரயிலுக்கும் இதை கூப்பிடாதே. ஏரியா பேர் இல்ல, ஸ்டேஷன் பேர் குடுக்கணும்: தி.நகர்னா மாம்பலம், ஏர்போர்ட்னா திரிசூலம், சென்ட்ரல் பக்கம்னா பார்க். டிக்கெட் விலை, பிளாட்பார்ம் நம்பர் வராது. வண்டி இல்லன்னா காலி லிஸ்ட் வரும், பேர் தப்புன்னா எரர் வரும்."

நீளமா இருக்கேன்னு தோணலாம். ஆந்த்ரோபிக் டாக்குமென்டேஷன்லயே ஒரு டூலுக்கு குறைஞ்சது மூணு நாலு வாக்கியம் எழுதுங்கன்னுதான் இருக்கு. இதுல அதிகமா வேலை செய்யறது என்ன செய்யும்ங்கற முதல் வரி இல்ல, எப்ப கூப்பிடக்கூடாது, என்ன வராதுங்கற வரிகள்தான், ஏன்னா அதை மாடல் தானா யூகிக்கவே முடியாது. விலை வராதுன்னு சொல்லலைன்னா அஞ்சு ரூபா பத்து ரூபான்னு அதுவே ஒண்ணை சொல்லி வைக்கும்.

இதைவிட வில்லங்கம், மாடலுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம் பழசா இருக்கறது. 2002லேர்ந்து வெளியூர் பஸ்னாலே கோயம்பேடுதான்னு இருந்துச்சு, அதனால நெட்ல இருக்கற எழுத்தெல்லாம் கோயம்பேடு கோயம்பேடுன்னே இருக்கும், புது பஸ் ஸ்டாண்டான கிளாம்பாக்கம் திறந்ததே 2023 டிசம்பர் கடைசிலதான். டூல் சரியா கிளாம்பாக்கம்னு குடுத்தாலும் பதில் எழுதறப்ப மாடல் பழைய ஞாபகத்துல கோயம்பேடுன்னு விட்டுடலாம். இந்த மாதிரி இடத்துல "பஸ் கிளம்பற இடத்தை ரிசல்ட்ல இருக்கறபடியே சொல்லு, நீயா சொல்லாதே"ன்னு நேரடியா எழுதிடுங்க.

டூலுக்கு குடுக்கற ஒவ்வொரு மதிப்புக்கும், அதாவது பாராமீட்டருக்கும், தனித்தனியா டிஸ்கிரிப்ஷன் வேணும். "தேதி"ன்னு விட்டா நாளைக்குன்னும் வரும், 14/1னும் வரும், அதனால வருஷம்-மாசம்-நாள்னு வடிவத்தை சொல்லி 2025-01-14னு ஒரு உதாரணமும் போடுங்க, இந்திய நேரம்னும் எழுதுங்க. சர்வர் யூடிசில (உலக பொது நேரம்) ஓடுச்சுன்னா நம்ம நேரம் ராத்திரி 12லேர்ந்து காலைல 5.30 வரைக்கும் அங்க முந்தின நாள், விடிகாலை வண்டி கேக்கறவங்களுக்கு நேத்து வண்டியை காட்டும். சில மதிப்புதான் வரலாம்னா எனம் (வரலாம்னு அனுமதிச்ச மதிப்புகளோட லிஸ்ட்) போட்டுடுங்க, வாக்கியத்துல கெஞ்ச வேண்டியதில்ல.

எரர் மெசேஜும் ஒரு வகைல டிஸ்கிரிப்ஷன்தான். வெறும் 400னு ஒரு எரர் நம்பரை திருப்பி அனுப்பறதுக்கு பதிலா "தி.நகர்னு ஸ்டேஷன் இல்ல, மாம்பலம்னு குடு"ன்னு அனுப்பினா அடுத்த தடவை அதுவே சரியா கூப்பிடும்.

ரெண்டு டூலுக்கு வித்தியாசத்தை உங்களால ஒரு வரில சொல்ல முடியலன்னா ரெண்டையும் ஒண்ணாக்கிடுங்க. "அதிவேகமான, சிறந்த"ன்னு விளம்பர வார்த்தையை எல்லாம் வெட்டுங்க, டிஸ்கிரிப்ஷனும் டோக்கன் (மாடல் எழுத்தை பிரிச்சு படிக்கற துண்டு) கணக்குல வருது. தமிழ் எழுத்துக்கு பொதுவா டோக்கன் ஜாஸ்தி, அதனால டிஸ்கிரிப்ஷனை இங்கிலீஷ்ல எழுதி ஊர் பேரை மட்டும் ரெண்டு எழுத்துலயும் குடுக்கறது என் பழக்கம். டிக்கெட் போடறது, கேன்சல் பண்றது மாதிரி டூல்ல "முதல்ல யூசர்கிட்ட கேளு"ன்னு எழுதுங்க, ஆனா அதை பூட்டுன்னு நம்பிடாதீங்க, யூசர் ஒத்துக்கிட்டாரான்னு பாக்கற செக் கோடுலதான் இருக்கணும்.

டெஸ்ட் பண்றப்ப நீங்களே நல்ல தமிழ்ல கேள்வி எழுதாதீங்க, ஜனங்க டைப் பண்றது "சென்ட்ரல் டு கிண்டி சீக்ரம் எது"ன்னுதான் இருக்கும். அந்த மாதிரி முப்பது நாப்பது கேள்வியை சேர்த்து, பதிலை பாக்கறதுக்கு முன்னாடி லாக்ல எந்த டூலை என்ன மதிப்போட கூப்பிட்டுச்சுன்னு பாருங்க, ஒரு தடவைக்கு ஒரே ஒரு வரியை மாத்தி திரும்ப ஓட்டுங்க. டிஸ்கிரிப்ஷனை தனியா ஒரு ஷீட்ல வச்சுக்காம கோடு இருக்கற அதே ஃபைல்லயே வைங்க, ஃபங்ஷனை மாத்தி சேமிக்கற கமிட்லயே அதுவும் மாறிடும்.