ஹாலோவீன் பரங்கி: செதுக்க ஒன்று, சமைக்க வேறொன்று

அமெரிக்காவில் அக்டோபர் 31-இல் வரும் ஹாலோவீன் பண்டிகைக்காக, முகம் செதுக்குவதற்கென்றே குவித்து விற்கும் பெரிய பரங்கியைச் சமைக்க வாங்காதீர்கள். நாரும் தண்ணீரும்தான் அதிகம். 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்ய, சின்னதாக இருக்கும் 'சுகர் பம்ப்கின்' ரகம்தான் சரி.

மூடியை வெட்டும்போது கத்தியை உள்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக வெட்டினால், காய் வாடிச் சுருங்கியதும் மூடி உள்ளே விழுந்துவிடும். முகம் வரும் பக்கத்தை ஓர் அங்குலத் தடிமன் வரும்வரை கரண்டியால் சுரண்டுங்கள். தொங்கும் நார் ஒன்றுகூட இருக்கக் கூடாது, பூஞ்சை பிடிப்பது அங்கேதான். 31-ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு செதுக்கினால் போதும்.

விதையைக் கொட்டிவிடாதீர்கள்! அலசி, துணியில் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், கால் டீஸ்பூன் உப்பு பிசறி, 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் 20 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறி வறுக்கவும். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது, சவசவ என்றிருக்கும்.