நெடும்பயணத்துக்கு கேக் சுட்டு எடுத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஜூன் பள்ளி விடுமுறையில், மூன்று வாரம் வேனையே வீடாக்கிக்கொண்டு மலேசியாவைச் சுற்றிவரப் புறப்பட்ட என் அக்காள் மகள், ஓவனிலிருந்து எடுத்த வாழைப்பழ கேக்கைச் சற்று நேரத்திலேயே டப்பாவில் போட்டு மூடினாள். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. ஓவனை முன்கூட்டியே சூடாக்குவது போன்றவற்றைச் சமையல் குறிப்புகளே சொல்லிவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சூடு ஆறுமுன் மூடுவது

அன்று நான் செய்தது சுஜி கேக். ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழிவந்த யூரேசியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யப்படும் இந்த ரவை கேக்குக்கு, என் கணக்குப்படி பன்னிரண்டு முட்டை மஞ்சள் கருவும், ஒரு பெரிய பொட்டலம் பாதாம்தூளும், கணிசமான வெண்ணெயும் தேவை. இரவு 11 மணிக்கு வெந்த கேக்கை, சிங்கப்பூர்-மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலுக்கு அஞ்சி விடியற்காலை 4 மணிக்கே கிளம்ப வேண்டுமென்ற அவசரத்தில், நள்ளிரவிலேயே டப்பாவில் அடைத்துவிட்டேன். நாள் முழுதும் கடைச்சாப்பாடும் நெடுஞ்சாலை ஓய்வுத்தளமுமாகக் கழியும் வாழ்க்கையில், மாலைத் தேநீரோடு ஒரு துண்டு வீட்டு கேக் தின்பது நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பாகும் என்பதால், அதை நான்காம் நாளுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மழைக்குப் பெயர்போன தைப்பிங்கில் டப்பாவைத் திறந்தபோது, கேக்கின் மேற்புறம் முழுவதும் பச்சைப் பூசணம். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது.

வெந்த கேக்கிலிருந்து நீராவி தொடர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடினால் அது மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து, மீண்டும் கேக்கின் மீதே சொட்டும். பூசணத்துக்கு அந்த ஈரமே போதும். மேற்புறத்தைத் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று முடிவுசெய்யக் கூடாது. கம்பித் தட்டில் வைத்து, அடிப்பகுதியின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கனமான கேக்காக இருந்தால் அங்கே இரண்டு, மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் வெதுவெதுப்பு இருக்கும். ஆகவே, புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலையிலேயே சுட்டுவிடுவது நல்லது.

பிஸ்கட்டுக்கு இது பொருந்தாது. அது விரைவில் ஆறிவிடும். ஆறியபின் மூடாமல் இரவு முழுதும் விட்டுவைத்தால், சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நமத்துப்போகும்.

எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைப்பது

கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய்விடும். மேலும், பெரிய டப்பாவைத் தினமும் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே புகுவதால், அன்னாசி டார்ட் போன்றவற்றை ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீம் தடவிய கேக்

வேண்டாம்.

வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு டப்பாவை உள்ளே விடுவது

வெண்ணெய் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறம் அதைவிட அதிகமாகச் சூடேறிவிடும் என்பதை டப்பாவின் அடியில் தேங்கும் எண்ணெய் காட்டிக்கொடுக்கும்.

வண்டிக்குள் அடுப்பு மூட்டிச் சுடுவது

அடுப்பு எரியும்போது வெளிவரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை. அடுப்பை வெளியே வையுங்கள்.

உறைந்த கேக்கை உடனே பிரிப்பது

உறையவைத்து எடுத்துச் செல்வது நல்ல வழிதான். ஆனால் குளிர் விலகும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது. பிரிக்காதிருந்தால் காற்றின் ஈரம் உறையின் மேல் படியும். பிரித்தால் கேக்கின் மேல் படியும்.