உண்டியலைக் குலுக்குவதற்கு முன்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கெம்ப்ட்வில் என்றொரு சிற்றூர். 1998இல் அங்கே முதல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ரயன் ஹ்ரெல்ஜாக், 70 டாலர் இருந்தால் ஆப்பிரிக்காவில் ஒரு கிணறு தோண்டலாம் என்று வகுப்பில் கேள்விப்பட்டான். வீட்டில் ஜன்னல் துடைத்து, எடுபிடி வேலை செய்து, நான்கு மாதத்தில் 70 டாலரைச் சேர்த்துவிட்டான். கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் காசுக்குக் கைபம்பு மட்டும்தான் வருமாம். கிணறு தோண்ட 2,000 டாலர். சரி, இன்னும் வேலை செய்கிறேன் என்றான் பையன். 1999 தொடக்கத்தில் வடக்கு உகாண்டாவின் அங்கோலோ தொடக்கப் பள்ளியில் அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்தது.

இதை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த 70தான் உறுத்தும். பெரியவர்கள் யாரோ சரியாக விசாரிக்காமல் சொன்ன எண் அது. ரயன் பிடிவாதக்காரனாக இருந்ததால் பிழைத்தது. பல பள்ளிகளில் நிதி திரட்டல் இந்த இடத்திலேயே முடிந்துபோகிறது: முழுச் செலவு எவ்வளவு, அந்தப் பொருள் அங்கே தேவைதானா என்று ஒருவரும் கேட்பதில்லை, முதலில் போஸ்டர் ஒட்டிவிடுகிறார்கள்.

நானும் இதில் மாட்டியவள்தான். என் மகளின் பள்ளியில் கென்யாவில் ஒரு பள்ளிக்கு அனுப்பப் பழைய புத்தகங்கள் சேர்த்தோம். பெற்றோர் குழுவில் நானும் இருந்தேன். இரண்டு வாரத்தில் நான்கு பெட்டி நிறைந்தது. பிரித்துப் பார்த்தால், பாதிப் புத்தகங்களில் பனிமனிதனும் ஐஸ் ஹாக்கியும். ஒன்றில் கணக்குகளுக்கெல்லாம் யாரோ பென்சிலில் விடை எழுதி வைத்திருந்தார்கள். அனுப்பும் செலவை விசாரித்தபோது, அந்தப் பணத்துக்கு அங்கேயே புதிய நோட்டுப் புத்தகங்கள் வாங்கிவிடலாம் என்று தெரிந்தது. அந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று அதுவரை ஒரு மின்னஞ்சல்கூட நாங்கள் போட்டிருக்கவில்லை. பெட்டிகள் இன்னும் எங்கள் பேஸ்மென்டில் இருக்கின்றன.

புதிய பாடநூல்களாகவே வாங்கிக் கொடுத்தால்? அதையும் கென்யாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1990களில் மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில் சில பள்ளிகளுக்கு மட்டும் அரசுப் பாடநூல்களைக் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். 2019இல் பொருளியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான மைக்கேல் கிரேமரும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார். சராசரி மதிப்பெண் ஏறவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் பலன். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்கே பல பிள்ளைகளுக்குத் தாய்மொழி ஒன்று, அடுத்தது சுவாஹிலி, ஆங்கிலம் மூன்றாவது. வாசிக்கவே வராத புத்தகம் பையில் பாரமாகத்தானே இருக்கும்?

அதே வட்டாரத்தில் கிரேமரும் எட்வர்ட் மிகெலும் செய்த இன்னொரு ஆய்வில், பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்ததில் பள்ளிக்கு வராமை கால்வாசி குறைந்தது என்று கண்டார்கள். முடிவின் அளவு பற்றிப் பின்னால் ஆய்வாளர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது, அது தனிக் கதை. ஆனால் நம் ஊர் அரசுப் பள்ளிகளில் கொடுக்கிற அதே மாதிரி மாத்திரைதான், மிக மலிவு. கேக் விற்று நிதி திரட்டும் எந்தப் பள்ளியும் 'வயிற்றுப் பூச்சி மாத்திரைக்காக கேக் வாங்குங்கள்' என்று போஸ்டர் ஒட்டி நான் பார்த்ததில்லை! புத்தகம், கட்டடம் என்றால் படம் போட வசதி. கட்டடத்துக்கும் ஒரு கேள்வி உண்டு: கட்டி முடித்தபின் ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் யார் தருவார்கள்?

சில்லறையைப் பற்றி ஒரு வார்த்தை. 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஒரு வழக்கத்தில், வேடமிட்டு மிட்டாய் கேட்டுப் போகும் ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃபுக்காக வீடு வீடாகக் காசு கேட்டார்கள். ஆரஞ்சு நிற உண்டியல் பிற்பாடு அதன் அடையாளமே ஆகிவிட்டது. கனடாவில் யூனிசெஃப் அந்த உண்டியலை 2006இல் நிறுத்திவிட்டது. மூட்டை மூட்டையாக வரும் நாணயத்தை எண்ணி, சுற்றிக்கட்டி, வங்கியில் சேர்ப்பதும் வேலைதான். யார் எண்ணுவது என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

வகுப்பில் யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று பலகையில் எழுதுவது இன்னொன்று. இது எனக்கு ஆகவே ஆகாது. அதே வகுப்பில் போன மாதம்தான் நாட்டுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கும், அப்பாவுக்கு வேலை போன பிள்ளை இருக்கும். தூரத்து ஏழைக்கு உதவப் போய்ப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைத் தலைகுனிய வைக்கிறோம். வகுப்பு மொத்தமாக எவ்வளவு என்று போட்டால் போதும்.

அப்புறம் கணக்கு. 1994இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 62,000க்கும் மேற்பட்ட ஒரு சென்ட் நாணயங்களைச் சேர்த்தார்கள். பாகிஸ்தானின் மலைக் கிராமம் ஒன்றில் பள்ளி கட்ட விரும்பிய கிரெக் மார்ட்டென்சனுக்காக. பின்னால் அதுவே அமெரிக்கப் பள்ளிகளில் பெரிய திட்டமாகப் பரவியது. 2011இல் அவருடைய நிறுவனம் பணத்தைச் செலவிட்ட விதம் பற்றிக் கேள்விகள் எழுந்தன. மொன்டானா மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி விசாரித்தார். மார்ட்டென்சன் சுமார் 10 லட்சம் டாலரை நிறுவனத்துக்குத் திருப்பித் தருவது என்று 2012இல் முடிவானது. பள்ளிகள் கட்டப்பட்டதும் உண்மைதான். ஆனால் தன் ஒரு சென்ட் எங்கே போனது என்று கேட்கும் பிள்ளைக்கு அன்று ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார்? பணம் கொடுக்கும் முன்பே அமைப்பின் ஆண்டறிக்கையை வாங்கி, மேல்வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். நல்ல கணக்குப் பாடமும்கூட.

நார்வேயில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். 1964இல் தொடங்கிய 'ஒப்பராஷோன் டாக்ஸ்வர்க்' என்ற இயக்கம், பொருள் 'ஒருநாள் உழைப்பு'. ஆண்டுக்கு ஒருநாள் மாணவர்கள் பள்ளிக்குப் பதில் வேலைக்குப் போய், கிடைத்த கூலியை வேறு நாட்டு இளைஞர்களின் கல்விக்குக் கொடுக்கிறார்கள். எந்தத் திட்டத்துக்கு என்பதை மாணவர் பிரதிநிதிகளே கூடி வாக்களித்து முடிவு செய்கிறார்கள். வேலை நாளுக்கு முன்னால், அந்த நாட்டைப் பற்றிப் பள்ளிகளில் பாடம் நடக்கிறது. உண்டியல் கடைசியில்தான் வருகிறது.

எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கென்யப் பள்ளிக்கு முதலில் ஒரு கடிதம் எழுதினார்கள். பதில் வர ஐந்து வாரம் ஆனது. கேட்டிருந்தது புத்தகமோ பென்சிலோ இல்லை. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு ஒரு கதவு.