யூஎக்ஸ் கோளாறா, யூஐ கோளாறா? பிரித்தறிந்து சரிசெய்யும் முறை

பதிவுப் படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பலர் வெளியேறுகிறார்கள் என்றால், முதலில் கைவைக்கப்படுவது பெரும்பாலும் பட்டனின் நிறத்தில்தான். கோளாறு அங்கே இல்லையென்றால் அந்த வேலை வீண். பயனர் வந்த காரியம் முடியும்வரை நடக்கும் பாதை முழுவதும் யூஎக்ஸ் (பயனர் அனுபவம்). அந்தப் பாதையில் கண்ணில் படுவதும் விரல் தொடுவதும் யூஐ (பயனர் இடைமுகம்).

இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை போதும். அதே திரைகளை நிறமும் படமும் இல்லாமல், வெறும் சாம்பல் கட்டங்களாக ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளிலோ தாளிலோ வரையுங்கள். செயலியை முன்பின் பார்க்காத ஐந்து பேரிடம் ஒவ்வொருவராகக் கொடுத்து, “ஒரு கணக்கு தொடங்குங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். பட்டனின் பெயரை நீங்களே சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அவர்கள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லட்டும், நீங்கள் குறுக்கிடாதீர்கள். சாம்பல் திரையிலேயே தடுமாறினால் யூஎக்ஸ் கோளாறு. சாம்பல் திரையில் யாரும் தடுமாறாமல், வண்ணத் திரையில் மட்டும் மாட்டிக்கொண்டால் யூஐ. வண்ணத் திரைச் சோதனைக்கு வேறு ஐந்து பேரை அழையுங்கள். முதல் குழுவுக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

யூஎக்ஸ் என்றால், படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே “இந்தத் தகவலை யார், எப்போது பயன்படுத்துகிறார்கள்?” என்று எழுதுங்கள். பதில் இல்லாத கட்டத்தை நீக்குங்கள். பிறந்த தேதிதான் பெரும்பாலும் முதலில் போகும். அடுத்து ஓடிபி கேட்கும் படியைப் பாருங்கள். குறுஞ்செய்தியைப் பார்க்கப் போய்த் திரும்புவதற்குள் நிரப்பியதெல்லாம் அழிந்துவிட்டால், எவ்வளவு அழகான திரையும் உதவாது. பிழைச் செய்தி யூஎக்ஸ், யூஐ இரண்டுக்கும் பொது என்பதாலேயே யாரும் எழுதாமல் கிடக்கும். “தவறான உள்ளீடு” என்பதை “கடவுச்சொல்லில் 8 எழுத்துகளாவது வேண்டும்” என்று மாற்றுங்கள்.

யூஐ கோளாறுகளை அளந்தே பிடித்துவிடலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. தொடும் பரப்பு குறைந்தது ஆண்ட்ராய்டில் 48 டிபி, ஐபோனில் 44 பாயிண்ட் (இரண்டும் திரை அளவு அலகுகள்). உள்ளீட்டுக் கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே போனால், ஐபோன் சஃபாரி பக்கத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும். கட்டத்தின் பெயரை உள்ளே மங்கலாக மட்டும் எழுதாதீர்கள். தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், எதை நிரப்பினோம் என்று சரிபார்க்க முடியாது. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் தமிழ்ச் சொல் பெரும்பாலும் அடங்காது. அகலத்தை உள்ளடக்கத்துக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டு பக்கமும் பழுது இருந்தால் பாதையை முதலில் சரிசெய்யுங்கள். நீக்கப்போகும் திரைக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.