உணவகச் சுவையில் மெக்சிகன் சால்சா: வீட்டில் செய்யும் முறை

அமெரிக்காவிலுள்ள மெக்சிகன் உணவகங்களில், குறிப்பாக டெக்சாஸ் பகுதியில், மேசையில் அமர்ந்ததும், நாம் எதையும் கேட்பதற்கு முன்பே, சோள ரொட்டித் துண்டுகளைப் பொரித்த டோர்டியா சிப்ஸ் ஒரு கூடையும், சால்சா என்னும் சிவப்புத் தக்காளித் துவையல் சிறு கிண்ணத்திலும் வந்துவிடும். அந்தச் சால்சா சிப்ஸில் ஒட்டும் அளவுக்குத் தளர்வாகவும், சிப்ஸை ஊறவைத்துவிடாத அளவுக்குக் கெட்டியாகவும் இருக்கும். அதை வீட்டில் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் சுடாத தக்காளித் துண்டுகளையும் வெங்காயத்தையும் மிளகாயையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு அரைத்துவிட்டு, நுரை ததும்பும் வெளிறிய இளஞ்சிவப்பு நீர் ஒன்றைக் கண்டு ஏமாற்றமடைகிறார்கள். பொருள்களில் குறையொன்றும் இல்லை. அரைப்பதற்கு முன் சுடாததும், அரைக்கும்போது தக்க நேரத்தில் நிறுத்தாததும்தான் குறை.

சுமார் இரண்டு கோப்பைச் சால்சாவுக்கு நடுத்தர அளவுள்ள தக்காளி ஆறு, அதாவது ஏறத்தாழ 600 கிராம், தேவைப்படும். நீள்வடிவில், சதைப்பற்று மிகுந்து, விதைக்கூழ் குறைந்திருக்கும் ரோமா வகைத் தக்காளி இதற்கு மிகவும் ஏற்றது. உருண்டையான சாறுமிக்க தக்காளிதான் கிடைக்கிறதென்றால், பாதியாக வெட்டி விதைப்பகுதியை லேசாகப் பிழிந்து எடுத்துவிடலாம். இதனுடன் ஒரு வெள்ளை வெங்காயத்தில் கால் பங்கு, தோலோடு இரண்டு பல் பூண்டு, இரண்டு ஹலபேனோ மிளகாய், ஒரு பிடி கொத்தமல்லித் தழை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, முக்கால் தேக்கரண்டி உப்பு ஆகியவை போதும். காரம் கூடுதலாக வேண்டுவோர் ஹலபேனோவுக்குப் பதிலாகச் செரானோ மிளகாயைப் பயன்படுத்தலாம். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவையில் ஹலபேனோ சுமார் 2,500 முதல் 8,000 வரை என்றால், செரானோ 10,000-ஐத் தாண்டி நிற்கும் என்பதால், முதல் முறை ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காரத்தைக் குறைக்க விதையை நீக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காரம் குடிகொண்டிருப்பது விதையில் அல்ல, விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். அதைக் கரண்டி முனையால் சுரண்டி எடுத்தால்தான் காரம் உண்மையில் தணியும்.

மெக்சிகோவில் தக்காளியைச் சுடுவதற்குக் கோமால் என்னும் தட்டையான கல்லை அடுப்பில் ஏற்றுவார்கள். நம்மிடம் கனமான இரும்புக் கல் இருந்தால் அதுவே போதும். எண்ணெய் எதுவும் விடாமல் கல்லை நன்கு காய வைத்து, தக்காளி, மிளகாய், வெங்காயம், தோல் உரிக்காத பூண்டு ஆகியவற்றைப் பரப்பி, நடுத்தரத் தீயில் அவ்வப்போது திருப்பிவிட வேண்டும். பூண்டும் மிளகாயும் எட்டுப் பத்து நிமிடங்களில் தயாராகிவிடும் என்பதால் அவற்றை முதலில் எடுத்துவிடலாம். தக்காளிக்குப் பதினைந்து நிமிடம் வரை ஆகும். தோலில் கருந்திட்டுகள் விழுந்து, அது சுருங்கிப் பிளந்து, உள்ளிருந்து சாறு கசிந்து கல்லில் பட்டுச் சுர்ரென்று கரையும் தருணமே சரியான பதம். திட்டுத் திட்டாகக் கருகியிருப்பது சுவை; முழுவதும் கரியாவது கசப்பு. ஆகவே மிகவும் கருகிப்போன தோலை மட்டும் உரித்துவிட்டு மற்றதை அப்படியே சேர்க்க வேண்டும். கல்லில் சுட வசதியில்லாதவர்கள் ஓவனின் மேற்சூட்டில் தட்டை வைத்தும் இதே பதத்தை அடையலாம்.

சுட்டவற்றை உடனே மிக்ஸியில் போடக் கூடாது. ஒருமுறை அவசரத்தில் கொதிக்கும் தக்காளியை ஜாரில் இட்டு மூடியை இறுக்கிச் சுழலவிட்டேன்; உள்ளே அடைபட்ட ஆவி மூடியைத் தள்ளித் திறக்க, சுவரிலும் என் கையிலும் சிவப்புத் துளிகள் தெறித்தன. அன்றிலிருந்து தட்டில் பரப்பி இருபது நிமிடமாவது ஆறவிடுகிறேன். ஆறும்போது தட்டில் தேங்கும் சாற்றைக் கொட்டிவிடாமல் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். சால்சாவின் தளர்வைச் சரிசெய்யத் தண்ணீருக்குப் பதிலாக இதுவே உதவும்.

அரைக்கும் வரிசைக்கும் பொருள் உண்டு. தோல் உரித்த பூண்டு, மிளகாய், உப்பு ஆகிய மூன்றையும் முதலில் கொரகொரப்பாக அரைத்து, அதன் பின் வெங்காயத்தையும் தக்காளியையும் சேர்த்து, மிக்ஸியை ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்துவதாக ஐந்தாறு முறை மட்டும் சுற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பார்ப்பதில் தவறில்லை. தொடர்ந்து ஓடவிட்டால் காற்று கலந்து நுரை எழும்பும், ஆழ்ந்த சிவப்பு வெளுத்துவிடும், மிளகாய் விதைகளும் நைந்து மாவாகிவிடும். மொல்காஹெதே என்னும் எரிமலைக்கல் உரலில் இடிப்பதுதான் மெக்சிகோவின் பழைய வழக்கம்; அது பொருள்களை வெட்டாமல் நசுக்குவதால் சாறும் சதையும் வேறு விதமாகக் கலக்கும். கல்லுரல் உள்ளவர்கள் அவசியம் முயன்று பார்க்கலாம். கொத்தமல்லியை மட்டும் அரைக்காமல், பொடியாக நறுக்கிக் கடைசியில் எலுமிச்சைச் சாற்றோடு கிளறிவிட வேண்டும், ஏனெனில் மிக்ஸியில் போட்ட தழை சால்சாவின் நிறத்தை மண்பழுப்பாக்கிவிடும்.

வெங்காயத்தில் பாதியைச் சுடாமல் பச்சையாகச் சேர்க்க விரும்புவோர், பொடியாக நறுக்கிக் குளிர்ந்த நீரில் அலசி வடிகட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் சால்சா முழுவதும் வெங்காய நெடியே மிஞ்சும்.

டெக்சாஸ் உணவகங்களின் சுவையை அப்படியே விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. புதுத் தக்காளிக்குப் பதிலாக, தோல் உரித்த முழுத் தக்காளி டப்பாவைப் பயன்படுத்தி, கால் தேக்கரண்டி வறுத்த சீரகத்தூளும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்தால் அந்தப் பழகிய சுவை வந்துவிடும். நறுக்கிய தக்காளி டப்பாக்களை நான் பரிந்துரைப்பதில்லை; துண்டுகள் உருக்குலையாதிருக்க அவற்றில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்ப்பதால் எவ்வளவு அரைத்தாலும் பற்களில் தட்டுப்படும். சீரகம் சேர்ப்பது டெக்சாஸ் கைவண்ணம். மெக்சிகோவின் டாக்கோக் கடைகளில் கிடைக்கும் சிவப்புச் சால்சாவில் அது பெரும்பாலும் இருக்காது. அங்கே காய்ந்த ஆர்போல் மிளகாயை வறுத்துச் சேர்த்து எரியும் காரத்தைக் கூட்டுவார்கள். அந்த மிளகாயை வறுக்கச் சில நொடிகளே தேவை. நிறம் சற்றே மாறியதும் எடுக்காவிட்டால் புகையில் வீடே இருமும், சால்சாவும் கசந்துவிடும்.

இன்னும் ஆழ்ந்த சுவை வேண்டுமானால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சட்டியில் நன்றாகக் காய்ச்சி, அரைத்த சால்சாவை அதில் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிடலாம். ஊற்றியதும் சீறித் தெறிக்கும் என்பதால் அகன்ற சட்டியே பாதுகாப்பானது. இப்படிச் செய்தால் கொத்தமல்லியையும் எலுமிச்சையையும் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

அரைத்த உடனே ருசி பார்த்து முடிவெடுப்பது பலர் செய்யும் தவறு. குறைந்தது அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால்தான் உப்பும் காரமும் தக்காளியில் இறங்கி ஒன்றோடொன்று இயைந்திருக்கும். அப்போதும் கரண்டியால் சுவைக்காமல், பரிமாறப்போகும் அதே சிப்ஸால் தொட்டுச் சுவைக்க வேண்டும். சிப்ஸில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், கரண்டியில் சரியாகத் தோன்றும் சால்சா சிப்ஸோடு சேரும்போது உப்புக் கரிக்கும். சுவை மந்தமாக இருந்தால் உப்புக்கு முன் எலுமிச்சையைச் சில துளிகள் கூட்டிப் பாருங்கள்.

மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள்கள் நன்றாக இருக்கும். ஆனால் இந்தச் செய்முறையைப் புட்டியில் அடைத்து அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தக்காளியின் புளிப்பை வெங்காயமும் மிளகாயும் பூண்டும் நீர்த்துப்போகச் செய்கின்றன. அமிலத்தன்மை குறையக் குறைய ஏறும் பி.எச். அளவு 4.6-ஐத் தாண்டிவிட்டால், காற்றுப் புகாத புட்டிக்குள் உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. மிஞ்சியதை உறைபெட்டியில் வைக்கலாம். உருகிய பிறகு நீர் பிரிந்து நிற்கும் என்பதால், அதைச் சிப்ஸுக்கு வைக்காமல் சட்டியில் சுண்டவைத்து முட்டையின் மேல் ஊற்றிச் சாப்பிடுவதே நல்லது.