டர்போ காருக்கு எந்த ஆயில் ஊற்றுவது? முதல்முறை தேர்ந்தெடுப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஆயில் கடையில் போய் நின்றால் "என்ன வண்டி?" என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் ஒரு கேன் கவுன்ட்டருக்கு வந்துவிடும். டர்போ கார் வைத்திருப்பவர்கள் அங்கேதான் நிதானிக்க வேண்டும். 2019-இல் இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையிலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 சாதாரண பெட்ரோல், 1.0 டர்போ பெட்ரோல், டீசல் என்று ஒரே பெயரில் மூன்று இன்ஜின்கள். மூன்றுக்கும் ஆயிலிடம் வேண்டியது வேறு வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய டர்போ பெட்ரோல் காருக்கு ஃபுல் சிந்தெடிக்தான் சரி. ஆனால் கேனின் முன்பக்கத்தில் பெரிதாக மின்னும் 'சிந்தெடிக்' மட்டும் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு வரிகள்தான் காப்பாற்றும். அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும், யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை.

படி 1: டர்போவுக்குள் ஆயில் படும் பாடு

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான கார் டர்போக்களில் இந்த ஷாஃப்டைத் தாங்குவது பால் பேரிங் அல்ல. வெண்கலப் புஷ்ஷுக்குள், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் அது மிதந்துகொண்டே சுழல்கிறது. படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும்; அந்த வேகத்தில் டர்போ வெகுநேரம் தாங்காது.

அடுத்தது சூடு. பெட்ரோல் இன்ஜினில் டர்போவுக்குள் நுழையும் புகை, முழு பாரத்தில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஓடும்போது ஆயில் இடைவிடாமல் பாய்ந்து சூட்டை எடுத்துச் செல்கிறது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்ததும் ஆயில் பம்ப் நின்றுவிடுகிறது. புகைப் பக்கத்துச் சக்கரமும் அதன் கூடும் கொதித்துக்கொண்டேதான் இருக்கின்றன. அந்தச் சூடு மெல்ல ஷாஃப்ட் வழியாக பேரிங் பக்கம் ஏறி, அங்கே தேங்கிய ஆயிலை வறுக்கிறது. ஆயிலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சியது கருப்பாக, கெட்டியாக, கரித்தூள் போல ஒட்டிக்கொள்ளும். இது சேரச் சேர, டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் குறுகிய பைப் அடைபடும்.

மினரல் ஆயிலும் சிந்தெடிக்கும் பிரிவது இங்கேதான். கச்சா எண்ணெயிலிருந்து வடித்தெடுக்கும் மினரல் ஆயிலில் பல அளவு மூலக்கூறுகள் கலந்திருக்கும். சீக்கிரம் ஆவியாகும் லேசானவையும், எளிதில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகிறவையும் அதில் உண்டு. வேதிமுறையில் தயாரிக்கும் சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால் சூட்டைத் தாங்குகிறது. இதை அளக்க 'நோவாக்' என்றொரு சோதனை இருக்கிறது. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்க, ஜப்பானிய கார் கம்பெனிகளின் ஐஎல்எஸ்ஏசி தரத்தில் 15 சதவீதம் வரை அனுமதி. ஐரோப்பாவின் ஏசிஇஏ தரங்கள் பெரும்பாலும் 13-இல் நிறுத்துகின்றன. கேனில் இந்த எண் இருக்காது. கம்பெனியின் இணையதளத்தில் அந்த ஆயிலின் டேட்டா ஷீட்டில் சில சமயம் கிடைக்கும். இரண்டு ஆயிலுக்கு நடுவே திணறினால், எண் குறைவாக இருப்பதை எடுங்கள்.

படி 2: மேனுவலைத் திறங்கள்

டேஷ்போர்டு அறையில் பிரிக்காமல் கிடக்கும் புத்தகம்தான். உங்கள் இன்ஜினுக்கான பக்கத்தில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆயில் கிரேடு, தரக் குறியீடு, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர். போனில் போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வாரன்டி உள்ள வண்டி என்றால் இதிலிருந்து கொஞ்சமும் விலகாதீர்கள். டர்போ போனால், தவறான ஆயிலைக் காரணம் காட்டிக் கைவிரிக்க வழி கொடுத்தது போலாகிவிடும்.

படி 3: எண்களைப் படிப்பது

மேனுவலில் உள்ள கிரேடு 5டபிள்யூ-30 என்று வைத்துக்கொள்வோம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. 5 என்றால் மைனஸ் 30 டிகிரி வரை சோதித்தது, 15 என்றால் மைனஸ் 20 வரை. மதுரைக்கு மைனஸ் டிகிரி எதற்கு என்று தோன்றும். அந்தக் குளிர் நமக்கு வரப்போவதில்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40-ஐவிட வெகுவாக இளகியிருக்கும், டர்போவுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். அதற்காகவே இந்த எண் நமக்கும் முக்கியம்.

பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் நல்லது" என்று பல ஒர்க்‌ஷாப்களில் சொல்வார்கள். வெளியே 25 டிகிரியோ 40 டிகிரியோ, கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் இன்ஜினின் சூட்டைக் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் வைத்திருக்கின்றன. மேனுவல் 30 என்றால் 30. 40-ஐயும் அனுமதித்திருந்தால், மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் அதிகம் விரட்டுகிறவர்கள் அதை எடுக்கலாம். மேனுவலில் இல்லாத கிரேடை மெக்கானிக்கின் வாய்ச்சொல்லை நம்பி ஊற்றாதீர்கள்.

படி 4: தரக் குறியீடு (இதில் அவசரப்படாதீர்கள்)

கேனைத் திருப்பினால் 'ஏபிஐ' (அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) என்ற எழுத்துகளோடு எஸ்என், எஸ்பி போன்ற குறியீடு இருக்கும். எஸ்-இல் தொடங்குவது பெட்ரோல் இன்ஜினுக்கு. இரண்டாம் எழுத்து அகரவரிசையில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு புதிய தரம். எஸ்பி 2020 மே மாதமும், அதற்கடுத்த எஸ்க்யூ 2025 மார்ச்சிலும் நடைமுறைக்கு வந்தன. புதியது பழையதன் இடத்தை நிரப்பும்; பழையது புதியதன் இடத்துக்கு வராது.

டர்போக்காரர்களுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்? டர்போவும், பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி எரிபொருள் ஊசியும் சேர்ந்த பெட்ரோல் இன்ஜின்களில் ஒரு தனிக் கோளாறு உண்டு. 1500, 2000 ஆர்பிஎம்மில், கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தி மேடு ஏற்றுகிறீர்கள். ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே உள்ளே எரிதல் தொடங்கிவிடுகிறது. சிலிண்டர் சுவரில் பெட்ரோலோடு கலந்த ஆயில் துளி தெறித்துத் தீப்பற்றுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பிஸ்டன் மேலேறி வரும்போதே வெடிப்பு எதிரே வந்து அடிப்பதால் ரிங் பிடித்திருக்கும் பகுதியே உடையலாம். ஆயிலில் அழுக்கு நீக்குவதற்காகச் சேர்க்கும் கால்சியம் அதிகமானால் இது கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதனால் புதிய ஆயில்களில் கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்க்கிறார்கள். இதற்கான சோதனை 2018-இல் எஸ்என் பிளஸ் தரத்தோடு வந்தது, எஸ்பியிலும் தொடர்கிறது.

இப்போது கவனியுங்கள்: வெறும் எஸ்என் போட்ட ஃபுல் சிந்தெடிக்குக்கு இந்தச் சோதனை கிடையாது. எஸ்பி போட்ட செமி சிந்தெடிக் (மினரலும் சிந்தெடிக்கும் கலந்தது) இதில் தேறியது. விலை அதிகமான கேன்தான் பாதுகாப்பு என்று நினைப்பது இங்கே தவறிவிடுகிறது. டாடா நெக்ஸானின் 1.2 ரெவோட்ரான் போல, டர்போ இருந்தும் நேரடி ஊசி இல்லாத இன்ஜின்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் எஸ்பி அல்லது அதற்குப் பிந்தையதை வாங்குவதில் நஷ்டம் எதுவுமில்லை.

டீசலுக்குக் கணக்கு வேறு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் பொருத்தப்படுகிறது. ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அதில் தங்கிவிடும். கரியைப் போல அதை எரித்து வெளியேற்ற முடியாது. அதனால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். மேனுவலில் ஏசிஇஏ சி2, சி3 என்று எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

ஃபோக்ஸ்வேகன், மெர்சிடிஸ் போன்றவை தங்கள் சொந்த எண்களைத் தருகின்றன: 502 00, 508 00, 229.5 இப்படி. அந்த எண் கேனில் 'அப்ரூவ்ட்' என்று இருப்பது மேல்.

படி 5: மினரலா, செமியா, ஃபுல்லா

நேரடி ஊசி டர்போ பெட்ரோலுக்கு ஃபுல் சிந்தெடிக். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சிறிய டர்போ இன்ஜினுக்கு மூன்றரையிலிருந்து நாலரை லிட்டர் பிடிக்கும். கூடுதல் செலவு எவ்வளவானாலும், ஒரு புது டர்போவின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

மினரல் ஆயிலே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். பழைய டர்போ டீசல் ஜீப்களும் வேன்களும் 15டபிள்யூ-40 மினரலில் பல வருடம் நன்றாகவே ஓடியிருக்கின்றன. டீசல் புகையின் சூடு பெட்ரோலைவிடக் குறைவு, இன்ஜினும் மெதுவாகச் சுழல்வது, ஆயிலையும் சீக்கிரம் மாற்றிவிடுவார்கள். அந்த வண்டிகளின் மேனுவல் மினரலைச் சொன்னால் தைரியமாக ஊற்றலாம்.

செமி சிந்தெடிக்கில் சிந்தெடிக் எவ்வளவு என்று கேனில் போட வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. மேனுவல் கேட்கும் தரக் குறியீடு இருந்து, கையில் பணம் குறைவாக இருந்தால், செமியை எடுத்துச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாற, இன்ஜின் உள்ளே கழுவும் ஃபிளஷ் எதுவும் தேவையில்லை. பழையதை வடித்து, ஃபில்டரை மாற்றி, புதியதை ஊற்றினால் முடிந்தது. வழியில் ஆயில் குறைந்து, சிந்தெடிக் கிடைக்காவிட்டால், அதே கிரேடு மினரல் அரை லிட்டர் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. குறைவான ஆயிலோடு ஓட்டுவதுதான் ஆபத்து.

படி 6: எப்போது மாற்றுவது

மேனுவலில் இரண்டு அட்டவணை இருக்கும்: சாதாரண உபயோகம், கடுமையான உபயோகம். முதலாவதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். ஹூண்டாய் மேனுவல்களில் கடுமையான உபயோகத்துக்குக் கொடுத்திருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: 32 டிகிரிக்கு மேல் நெரிசலில் ஓட்டுவது, எட்டு கிலோமீட்டருக்குள் அடிக்கடி சின்னச் சின்னப் பயணம், தூசி நிறைந்த சாலை. சென்னையில் ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் கார் அத்தனையும் இதில் அடங்கிவிடும். சின்னப் பயணங்களில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. அதில் கலந்த பெட்ரோல் ஆவியாகாமல் தங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. நகர ஓட்டத்துக்கு 5,000 முதல் 7,500 கிலோமீட்டருக்குள், ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றச் சொல்வேன். சிந்தெடிக் ஊற்றியதால் தள்ளிப்போடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

படி 7: வாங்குவதும் ஊற்றுவதும்

காலி கேனில் மட்டமான ஆயிலை நிரப்பி விற்கும் கும்பல்கள் உண்டு. சீல் உடையாததா, தயாரிப்புத் தேதி அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கியூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் கண்முன்னே கேனைத் திறக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் காலி கேனைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள். வடித்த ஆயில் சாக்கடைக்குப் போகக் கூடாது. ஒர்க்‌ஷாப்பிலேயே சேகரிக்கும் டிரம்மில் கொட்டச் சொல்லுங்கள்.

டிரெய்ன் போல்ட்டின் வாஷர் புதியதாக இருக்கட்டும். ஊற்றிய பின் இன்ஜினை ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். காலியான ஃபில்டர் நிரம்பி, ஆயில் டர்போவைச் சென்றடைய அந்த நேரம் வேண்டும். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, சமதரையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் சொருகிப் பாருங்கள். மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றால் சரி. மேல் கோட்டைத் தாண்டினால் வடித்து எடுக்கச் சொல்லுங்கள்.

அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். கொல்லிமலை ஏறி நின்ற உடனோ, நெடுஞ்சாலையில் விரட்டிவந்து ஹோட்டல் வாசலில் நிறுத்திய உடனோ அணைக்காமல், ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். தெருவுக்குள் மெதுவாக வந்து நிறுத்தும் நாட்களில் இதற்கும் தேவை இருக்காது.